பட்டம் கைப்பேசியில் வரலாம். படிப்பு எங்கே நடக்கும்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் சங்க அலுவலகத்தை நாடிவரும் பெற்றோரின் தொகை கூடிவிடுகிறது. இட்லி வியாபாரம் செய்யும் தாய்மார்கள், தோல் கார்கானாக்களில் பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் தோழர்கள், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் எனப் பல தரத்தினரும் வருகிறார்கள். சில ஆண்டுகளாக அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று முன்னணிக்கு வந்திருக்கிறது. "வீட்டிலிருந்தே கைப்பேசி மூலம் பி.ஏ. படிக்கலாமாமே? வரலாறு, அரசியல், சமூகவியல் எல்லாம் உண்டாமே? சேர்க்கலாமா?" என்பதே அது.

இதற்கு நம் மத்தியில் இரண்டு பதில்கள் உலவுகின்றன. "அதெல்லாம் ஒரு படிப்பா? காசு கொடுத்தால் காகிதம் கொடுப்பான்" என்பது ஒன்று. "கல்லூரிக்குப் போகாமலே பட்டம் கிடைக்கிறதே, உடனே சேர்த்துவிடு" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே எங்கள் கருத்து. இணையவழிப் பட்டம் செல்லும். ஆனால் அதற்குரிய படிப்பு தானாக நடந்துவிடாது. அந்தப் படிப்பு நடக்கும் இடத்தை நாம் உண்டாக்கித் தரவேண்டும். அப்படித் தராமல் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது, கட்டணத்தையும் மூன்று ஆண்டுகளையும் வீணாக்குவதாகும். இதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் ஐயத்தைத் தீர்ப்போம்

வீட்டிலிருந்து படிப்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. தில்லிப் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தை ஏற்படுத்தியது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஐதராபாத்தில் உருவானது. இன்று அது அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1989இல் நாசிக்கில் யஷ்வந்த்ராவ் சவாண் மகாராஷ்டிரத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பகலில் வேலை, இரவில் பாடம் என்று படித்துப் பட்டம் பெற்றவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

இவற்றின் தொடர்ச்சிதான் இணையவழிப் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வெளியிட்ட விதிகள் தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் ஒருசேர வரம்பு கட்டின. முறையான அனுமதி பெற்ற நிறுவனம் இவ்வழிகளில் தரும் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்று அக்குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆகவே "செல்லாத பட்டம்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது சரியல்ல. அனுமதி பெறாத இடத்தில் வாங்கியது செல்லாது. அனுமதி பெற்ற இடத்தில் வாங்கியது செல்லும். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கல்லூரி வாசல் திறந்திருந்தால் அதில் நுழையுங்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு பெற்றோர்களிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது, எப்பாடுபட்டாவது கட்டணம் கட்ட முடியும் என்ற நிலை இருந்தால், கல்லூரிக்கே அனுப்புங்கள். நூலகம், ஆசிரியரை நேரில் கேள்வி கேட்கும் வாய்ப்பு, பிற மொழி பேசும் பிள்ளைகளின் நட்பு, மேடையேறிப் பேசும் துணிவு ஆகியவை கல்லூரியில் கிடைக்கும். கைப்பேசியில் கிடைக்காது.

குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். மகனுக்கு லோக்கல் ரயில் பாஸ் எடுத்துக் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, மகளுக்கு மட்டும் "வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளம்மா, காலம் கெட்டுக் கிடக்கிறது" என்று சொல்லும் வீடுகள் பெருகிவருகின்றன. அவள் வீட்டிலிருந்தால் படிக்கிறாளா? காலையில் தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புகிறாள், அம்மாவின் இட்லிக்கு மாவு அரைக்கிறாள், மாலையில் கடைக்கு ஓடுகிறாள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசி அவள் கைக்கு வரும்போது கண் சொருகிப் போகிறது. இணையவழிக் கல்வி பெண்ணை வீட்டில் நிறுத்திவைக்க ஒரு புதுச் சாக்காக ஆகிவிடக்கூடாது. முந்தைய தலைமுறை "எட்டாவது போதும்" என்று சொல்லி நிறுத்தியதை நாம் "பி.ஏ. வீட்டிலேயே" என்று சொல்லிச் செய்தால், பெயர்தான் மாறியிருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் இணையவழிப் பட்டம் யாருக்கு? குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போயே தீரவேண்டிய இளைஞருக்கு. மணமாகிப் படிப்பை விட்டு, மறுபடி தொடர விரும்பும் சகோதரிக்கு. வேலை காரணமாக ஊர் ஊராக மாறும் கட்டடத் தொழிலாளிக்கு. நாற்பது வயதில் படிக்கும் ஆசை விடாத தோழருக்கு. இவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை.

சமூக விஞ்ஞானம் படித்து என்ன பயன்?

அடுத்த கேள்வி: "கம்ப்யூட்டர் படித்தால் வேலை, கணக்குப் படித்தால் வேலை, வரலாறும் சமூகவியலும் படித்து என்ன செய்வது?" பசித்த வீட்டிலிருந்து வரும் நியாயமான கேள்வி இது. இதைக் கேலி செய்ய எங்களுக்கு உரிமையில்லை.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்வோம். பி.ஏ. பட்டம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றால் வேலை தேடி வராது. ஆனால் அது பல கதவுகளுக்குச் சாவி. மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அத்தேர்வின் பாடத்திட்டத்தில் வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், சமூகம் ஆகியவை பெரும்பங்கு வகிக்கின்றன. வங்கித் தேர்வுகள், மத்திய அரசின் பட்டதாரிநிலைப் பணித் தேர்வுகள் ஆகியவற்றுக்கும் பட்டம் வேண்டும். மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரவும் பட்டமே தகுதி. ஆனால் ஒன்று: பன்னிரண்டாம் வகுப்பை முறையாக முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் பெற்றவர்களை வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் சட்டப் படிப்பில் ஏற்பதில்லை. வக்கீல் கனவு உள்ளவர்கள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்க நினைக்க வேண்டாம். முதுகலையும் முடித்தால் கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். ஆராய்ச்சிப் பட்டத்தை மட்டும் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற முடியாது. அதை அப்படித் தருவதாக யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

வேலைக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு அதுவே பெரிது.

2020 ஊரடங்கின்போது புலம்பெயர்ந்த தொழிலாளிகள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் போனதை நாம் மறக்கவில்லை. நம்மவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், வழியில் இறந்த தொழிலாளிகள் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட கணக்கு எதுவும் இல்லை என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. கணக்கே இல்லாதபோது இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை. செத்தவனை எண்ணாவிட்டால் அவன் சாகவில்லை என்று ஆகிவிடுகிறது. இருப்பவனை எண்ணாவிட்டால் அவன் இல்லை என்று ஆகிவிடுகிறது.

எண்ணுவதும், கேள்வி கேட்பதும், எண்ணியதிலிருந்து நியாயத்தை எடுத்துக் காட்டுவதும் யார் வேலை? சமூக விஞ்ஞானம் படித்தவர் வேலை. மண்டல் குழு 1980இல் அறிக்கை தந்தபோது பிற்படுத்தப்பட்டோர் தொகையை மதிப்பிட 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையே நாட வேண்டியிருந்தது. ஏனென்றால் அதற்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கணக்கெடுப்பு இல்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு சாதிவாரிக் கணக்கையும் சேர்த்து எடுக்கப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கேள்வித்தாளைப் புரிந்துகொண்டு நம் மக்களுக்கு விளக்க நம் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தாராவியையே எடுத்துக்கொள்வோம். மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருப்பதற்கு ஆதாரம் எங்கே, தரைத்தளமா மாடியா, கடையா வீடா என்று கேள்விகள் வந்தன. ஒவ்வொரு பதிலிலும் ஒரு குடும்பத்தின் கூரை தொங்கிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்பவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். நாம் பதில் சொல்பவர்களாகவே இருந்தோம். எப்போதும் பதில் சொல்லும் இடத்திலேயே ஒரு சமுதாயம் நின்றுவிடலாமா? கேள்வியை எழுதும் இடத்திலும், வந்த பதிலை ஆராயும் இடத்திலும், முடிவைத் தட்டிக்கேட்கும் இடத்திலும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டாமா?

இதே பம்பாய் நகரில் பரேல் குடியிருப்பில் வாழ்ந்த அண்ணல் அம்பேத்கர், 1913இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்று படித்தது பொருளாதாரமும் சமூகவியலும் வரலாறும் மானுடவியலும்தான். 1916இல் அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகளைப் பற்றி ஆய்வுரை படித்தார். 1918இல் இந்நகரின் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். 1919இல் வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னார். தம் மக்களின் துயரத்தை ஆட்சியாளர் மறுக்க முடியாத வாதமாக மாற்ற அவருக்குக் கைகொடுத்தது அந்தப் படிப்பு. சமூக விஞ்ஞானத்தை "சோறு போடாத படிப்பு" என்று ஒதுக்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

தரகர்களிடம் எச்சரிக்கை

இனி, சேர விரும்புவோர் கவனிக்க வேண்டியவை.

தெருமுனைகளில் "ஒரே வருடத்தில் பட்டம்", "தேர்வு எழுத வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்ற விளம்பரங்களைப் பார்க்கிறோம். இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் வேண்டும். அதை ஒரே வருடமாகக் குறைத்துத் தருவதாகச் சொல்பவர் உங்கள் பணத்தைத்தான் குறைக்கப் போகிறார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்ற பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பின் பெயரும், நீங்கள் சேரும் பருவமும் அதில் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு அனுமதி இருந்தது என்பது இந்த ஆண்டுக்கு உத்தரவாதமல்ல. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு வெளியிடுகிறது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

2024 முதல், இவ்வழிகளில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் அந்தப் பிரிவின் தளத்தில் தனக்கென ஓர் அடையாள எண் பெற வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அந்த எண்ணை மாணவரே பெறவேண்டும். "ஆதாரையும் கைப்பேசி எண்ணையும் கொடுங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்பவரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். அருகில் உட்கார்ந்து நீங்களே செய்ய உதவுகிறோம்.

பல்கலைக்கழகம் தன் பட்டப்படிப்பை வேறொரு தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதற்கு விதிகளில் இடமில்லை. எனவே கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். இடையில் உள்ளவரின் சொந்தக் கணக்கிலோ, ரசீது இல்லாத ரொக்கமாகவோ கட்டாதீர்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே உள்ள ஒரு சிக்கலும் உண்டு. தொலைநிலைக் கல்வியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்லை அந்த மாநிலத்தோடு முடிகிறது. தமிழில் படிக்கலாம் என்ற ஆசையில் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி இங்கே மாடியில் பலகை மாட்டியிருக்கும் "மையத்தில்" சேர்ந்துவிடாதீர்கள். இணையவழிப் படிப்புக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை; அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் எங்கிருந்தாலும் நீங்கள் இங்கிருந்தே சேரலாம். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு நாடு முழுவதும் அதிகாரம் உண்டு. தொலைநிலை, இணையவழி என்ற இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விதியில் வெவ்வேறு. விண்ணப்பத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். தேர்வு எங்கே, எந்த மொழியில் என்பதையும் சேருமுன் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு புதிய மாற்றம் உண்டு. உளவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் பலர். ஆனால் உளவியலையும் சத்துணவு அறிவியல் போன்ற சுகாதாரம் சார்ந்த பாடங்களையும் தொலைநிலை, இணையவழி இரண்டிலும் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் நடத்தக்கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டது. உளவியல் வேண்டுமென்றால் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். வரலாறு, அரசியல் விஞ்ஞானம், சமூகவியல், பொருளாதாரம், பொது நிர்வாகம் போன்றவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

சாதிச் சான்றிதழ் பற்றி

பட்டியல் சாதியைச் சேர்ந்த நம் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். தமிழ்நாட்டில் பட்டியலில் உள்ள ஒருவர் பிழைப்புக்காக வேறு மாநிலம் போனால், அங்கே அந்த மாநிலத்தின் பட்டியல் சாதிச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் அதே நிலையை உறுதி செய்தது. தீண்டாமை மட்டும் மாநில எல்லை பார்த்து நின்றுவிடுவதில்லை; சலுகை நின்றுவிடுகிறது. இது அநீதி என்பதே நம் சங்கத்தின் நிலை. அதற்காகக் குரல் கொடுப்பதை நாம் விடப்போவதில்லை.

ஆனால் அநீதி நீங்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. மத்திய அரசுப் பணிகளிலும் மத்தியக் கல்வி நிறுவனங்களிலும் சொந்த மாநிலத்தின் அடிப்படையிலான சான்றிதழ் செல்லும். தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழைக் காட்டி, வசிக்கும் இடத்து அதிகாரியிடமே பிள்ளைக்குச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. ஆகவே ஊருக்குப் போகும்போது தந்தையின் அல்லது தாத்தாவின் சான்றிதழைத் தேடி எடுத்து வாருங்கள். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்புகள் சிலவற்றில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டண விலக்கு அளித்து வந்திருக்கிறது. நீங்கள் சேரும் பருவத்தின் அறிக்கையில் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

மூன்றேகால் மணி நேரம் எங்கே?

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

மூன்றாண்டுப் பட்டம் என்பது 120 கிரெடிட். தொலைநிலை, இணையவழிக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் படிக்க வேண்டிய 30 மணி நேரம். பெருக்கிப் பாருங்கள்: 3,600 மணி நேரம். ஆண்டுக்கு 1,200. ஞாயிறும் பண்டிகையும் பாராமல் கணக்குப் போட்டாலும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரம்!

எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உழைத்துவிட்டு, ரயிலில் நின்றுகொண்டு வீடு திரும்பும் இளைஞருக்கு இந்த மூன்றேகால் மணி நேரம் எங்கே கிடைக்கும்? நேரமே கிடைத்தாலும் இடம் எங்கே? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். ஒரு மூலையில் தொலைக்காட்சி. ஒரு மூலையில் அடுப்பு. வீட்டுக்கு ஒன்று இரண்டு கைப்பேசி. இந்த அறையில் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளைப் பற்றி எப்படிச் சிந்திப்பது? இணையவழிக் கல்வி "உங்கள் வீடே வகுப்பறை" என்று பெருமையடிக்கிறது. அதை எழுதியவரின் வீட்டில் ஒரு தனியறை இருந்திருக்கும்.

மாணவர் பாதியில் விட்டால் "சோம்பேறி, அக்கறையில்லை" என்று ஏசுகிறோம். அவர் விடவில்லை, இடம் அவரை விட்டுவிட்டது. இந்த உண்மையை ஒப்புக்கொண்டால்தான் தீர்வு பிறக்கும்.

தீர்வு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒன்று, அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியது. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. அந்தக் கட்டடங்களில் மாலையில் சில அறைகளைத் திறந்து, விளக்கும் மின்விசிறியும் இணைய இணைப்பும் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிப்பார்கள். மில் தொழிலாளிகளுக்காக இரவுப் பள்ளிகள் நடந்த நகரம் இது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் குடிநீர், கழிப்பறையோடு சேர்த்துப் படிப்பறையும் கேளுங்கள். மறுசீரமைப்பு வரைபடங்களில் கடைகளுக்கும் வாகனங்களுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு படிப்பறை ஒதுக்கச் சொல்லுங்கள்.

மற்றொன்று, நாமே செய்ய வேண்டியது. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் விழாவுக்கும் ஊர்க் கோயில் கொடைக்கும் வசூல் செய்து அசத்துகிற நாம், ஒரு மண்டபத்தின் சாவியை மாலை ஏழு முதல் பத்து வரை மாணவர்களுக்குக் கொடுக்க முடியாதா? மேசையும் நாற்காலியும் புத்தக அலமாரியும் ஓர் இணைய இணைப்பும் போதும். பெண் பிள்ளைகள் வீடு திரும்பத் துணைக்கு இரண்டு தாய்மார்கள் முறைவைத்து வரட்டும். பட்டம் முடித்த அண்ணன்மார், அக்காமார் வாரம் ஒருநாள் வந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லட்டும். தனித்தனியாகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்துப் பேர் ஒரே அறைக்கு வந்தால், அது கல்லூரிக்கு ஈடாகாவிட்டாலும் ஒரு வகுப்பு ஆகிவிடும்.

மாணவத் தோழர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே! சேர்ந்தபின் எப்படிப் படிப்பது என்பதற்குச் சில வார்த்தைகள்.

காணொளிப் பாடத்தைப் பார்த்துவிட்டால் படித்துவிட்டதாக எண்ணாதீர்கள். இத்தகைய படிப்புகளில் பெரும்பாலும் 30 விழுக்காடு மதிப்பெண் இடையில் செய்யும் ஒப்படைகளுக்கும், 70 விழுக்காடு இறுதித் தேர்வுக்கும் என்று பிரிந்திருக்கிறது. ஒப்படையை வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் முப்பது வரும், எழுபது வராது. பாடத்தைப் படித்து, புத்தகத்தை மூடி வைத்து, சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். தமிழில் சிந்தித்து எழுதினாலும் குற்றமில்லை. பிறகு தேர்வு மொழிக்கு மாற்றுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தோமே, ஆங்கிலம் தடுக்கிறதே என்று ஒதுங்காதீர்கள். நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம் ஆங்கில நாளிதழைச் சத்தமாகப் படியுங்கள். மராத்தியையும் கற்றுக்கொள்ளுங்கள், இந்த மண்ணின் மக்களோடு பேசாமல் இந்த மண்ணின் சமூகத்தைப் படிக்க முடியாது.

பாடநூலை உங்கள் தெருவோடு பொருத்திப் பாருங்கள். பொருளாதாரத்தில் "அமைப்புசாராத் தொழில்" என்று வரும். அது உங்கள் அப்பா வேலை செய்யும் கார்கானா. சமூகவியலில் "இடப்பெயர்வு" என்று வரும். அது உங்கள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த கதை. அரசியல் விஞ்ஞானத்தில் "உள்ளாட்சி" என்று வரும். அது உங்கள் சந்தின் சாக்கடை ஏன் அள்ளப்படவில்லை என்ற கேள்வி. உங்கள் சந்தில் எத்தனை குடும்பங்கள், எத்தனை குழாய்கள், எத்தனை பேருக்கு ரேஷன் அட்டை, எத்தனை பேர் வாக்காளர் பட்டியலில் என்று நீங்களே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கெடுங்கள். அதைவிடச் சிறந்த ஒப்படை கிடையாது. நாளை எந்த அதிகாரி வந்து "இங்கே இத்தனை பேர்தான்" என்று சொன்னாலும், அந்த நோட்டுப் புத்தகத்தை விரித்து மறுக்க உங்களால் முடியும்.

இந்தப் படிப்பு எளிதானது என்று யாரும் உங்களை ஏமாற்ற வேண்டாம். கடினமானது, ஆனால் செய்யக்கூடியது. தனியாக இருந்தால் பாதியில் நின்றுவிடும். கூடி இருந்தால் முடியும். தொழிற்சங்கம் நமக்குக் கற்றுத்தந்த பாடமும் இதுதான் அல்லவா?

எனவே சேர விரும்புவோர் பணம் கட்டுவதற்கு முன் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மானியக் குழுவின் பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம். பெற்றோர்கள் மண்டபத்தின் சாவியைப் பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேசுங்கள். நம் தெருவிலிருந்து பத்துப் பேர் இந்த ஆண்டு சேர்ந்தால், மூன்றாண்டு கழித்து அந்தப் பத்துப் பேரும் முடித்திருக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை விடுத்து, எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையே நம் சங்கம் இனிக் கணக்கில் எழுதட்டும்.